எலியின் கல்லீரல் ஸ்லைடில் வெள்ளைக் குழிகள்: நோயா, செய்முறைக் கோளாறா?

கேள்வி: ஆய்வுமேசை

அனைவருக்கும் வணக்கம். விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கார்பன் டெட்ராகுளோரைடு செலுத்திக் கல்லீரலில் பாதிப்பை உண்டாக்கிய விஸ்டார் (ஆய்வக வகை) எலிகளுக்கு ஒரு மூலிகைச் சாறு பாதுகாப்பு அளிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இரத்தத்தில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகளின் அளவுகள் எதிர்பார்த்த திசையிலேயே வந்திருக்கின்றன. ஆனால் ஹீமடாக்சிலின் (உட்கருவுக்கு நீலம்), ஈயோசின் (சைட்டோபிளாசத்துக்குச் சிவப்பு) சாயமேற்றிய ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது, எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று புரியவில்லை.

செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழு எலிகளையும், பிற்பகலில் கார்பன் டெட்ராகுளோரைடு, மூலிகைச் சாறு ஆகியவற்றைப் பெற்ற குழுக்களையும் உயிர்நீக்கம் செய்தோம். உணவை முன்கூட்டியே நிறுத்தவில்லை. கல்லீரல் மடல்களை உப்புநீரில் அலசி, முழுதாகவே 10 சதவீத ஃபார்மலின் பாட்டிலில் போட்டோம். மறுநாள் ஒவ்வொரு மடலிலிருந்தும் ஒரு துண்டை வெட்டியெடுத்து, ஆல்கஹால், சைலீன், பாரஃபின் மெழுகு என்று வழக்கமான வரிசையில் கொண்டுசென்று, 5 மைக்ரான் தடிமனில் வெட்டினோம்.

ஸ்லைடில் தெரிபவை இவை. துண்டின் ஓரத்தில் உட்கருக்கள் தெளிவாக இருக்கின்றன. நடுவில் அதே உட்கருக்கள் சாம்பல் கலந்த நீல நிறத்தில் கலங்கிப்போய், உள்ளமைப்பு எதுவும் தெரியாமல் இருக்கின்றன. செல்களின் சைட்டோபிளாசத்தில் வெள்ளைக் குழிகள் காணப்படுகின்றன. பாதிப்படைந்த குழுவில் இவை இருப்பது வியப்பல்ல. கட்டுப்பாட்டுக் குழுவிலும் நிறையவே இருக்கின்றன. சில ஸ்லைடுகளில் ஒன்றுக்கொன்று இணையான மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. இரத்தம் தேங்கிய இடங்களில் பழுப்பும் கறுப்புமாகப் பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரிகின்றன.

இவற்றில் எவை உண்மையான நோய்க்குறிகள், எவை செய்முறையால் வந்தவை? ஃபார்மலினில் எஞ்சிய திசு இன்னும் பாட்டிலில் இருக்கிறது. திசு பதித்த மெழுகு பிளாக்குகளும் உள்ளன. புதிதாக விலங்குகள் கேட்டு மீண்டும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்காமல், இருப்பதைக் கொண்டே ஆய்வேட்டுக்குத் தகுந்த ஸ்லைடுகளைத் தயாரிக்க முடியுமா?

பதில் 1: மெழுகுக்கட்டி

வணக்கம். கால்நடை நோய்க்குறியியல் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது திசுவைச் சீவும் மைக்ரோடோமோ சாயமோ அல்ல, "முழுதாகவே" என்ற அந்தச் சொல்தான்.

ஃபார்மலின் திசுவுக்குள் இறங்கும் வேகம் ஆழம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். ஊடுருவும் தொலைவு காலத்தின் வர்க்கமூலத்தோடு மட்டுமே வளர்கிறது என்பதைப் பீட்டர் மெடவார் 1941இலேயே காட்டினார். எளிதாகச் சொன்னால், தடிமன் இரட்டிப்பானால் காத்திருக்க வேண்டிய நேரம் நான்கு மடங்காகிவிடும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபார்மால்டிஹைடு நீரில் கரைந்ததும் அதன் பெரும்பகுதி மெத்திலீன் கிளைக்கால் என்ற நீரேற்ற வடிவத்தில் இருப்பதால், திசுவுக்குள் நுழைந்துவிட்டாலும் புரதங்களோடு பிணைந்து அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஃபார்மலின் நனைத்த திசுவும் ஃபார்மலின் நிலைப்படுத்திய திசுவும் ஒன்றல்ல. மெல்லிய துண்டுக்கே 24 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது; நான் 24 முதல் 48 மணி நேரம் வரை விடுகிறேன்.

ஓரம் தெளிவாகவும் நடுப்பகுதி கலங்கியும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஓரத்தை நிலைப்படுத்தியது ஃபார்மலின். ஃபார்மலின் வேலையை முடிக்காமல் விட்ட நடுப்பகுதி, ஒன்று, முதல் சில மணி நேரங்களுக்குள் தன் நொதிகளாலேயே செரித்துப்போயிருக்கும், அல்லது மறுநாள் நீங்கள் ஏற்றிய ஆல்கஹாலால் நிலைப்பட்டிருக்கும். ஆல்கஹால் புரதங்களைக் கட்டுவதில்லை, நீரை உறிஞ்சி அவற்றைத் திரளச் செய்கிறது. உட்கரு சுருங்கி, குரோமாட்டின் நுணுக்கங்கள் அழிந்து, நீங்கள் சொன்ன அந்தச் சாம்பல் கலந்த நீலம் வருகிறது. அந்தப் பகுதியைப் பார்த்து உட்கருச் சுருக்கம், செல் இறப்பு என்றெல்லாம் எழுதிவிட வேண்டாம். அப்படி எழுதப்பட்ட ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி செய்வதானால், உயிர்நீக்கம் முடிந்த சில நிமிடங்களுக்குள் புதிய பிளேடால் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் துண்டு போட்டு உடனே கரைசலில் இடுங்கள். இடுக்கியால் திசுவின் நடுவில் அழுத்திப் பிடிக்காதீர்கள். நசுங்கிய இடம் நசுங்கியபடியே ஸ்லைடு வரை வரும். கரைசலின் அளவு திசுவின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு இருக்க வேண்டும். எல்லா எலிகளிலும் ஒரே மடலின் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். பெரிதாக இருப்பதால் இடது பக்க மடலை எடுப்பது வழக்கம்.

பழுப்புப் புள்ளிகளுக்கு வருவோம். நீங்கள் பயன்படுத்தியது அமிலத்தன்மை கூடாமல் காக்கும் தாங்கற்கரைசல் சேர்க்காத ஃபார்மலினாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கடையில் வாங்கும் ஃபார்மலின் என்பது 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதை ஒன்றுக்கு ஒன்பது என்று குழாய்நீரில் கலந்தால் "10 சதவீத ஃபார்மலின்" கிடைத்துவிடும்தான். ஆனால் வைத்திருக்க வைத்திருக்க அதில் ஃபார்மிக் அமிலம் உருவாகிறது. அமிலத்தன்மை கூடிய கரைசல் இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து, அமில ஹீமாட்டின் என்ற பழுப்புக் கறுப்புப் படிவைத் தருகிறது. ஃபார்மலின் நிறமி என்று நாங்கள் அழைப்பது இதைத்தான். தடுப்பது எளிது: 100 மில்லிலிட்டர் ஃபார்மலின், 900 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீர், ஒரு நீர் மூலக்கூறு கொண்ட சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்தக் கலவையின் பி.எச். ஏறத்தாழ 7 இருக்கும். பழைய துறைகளில் பாட்டிலின் அடியில் பளிங்குக் கல் துண்டுகளைப் போட்டு வைப்பார்கள். பாட்டிலுக்குள் அது வேலை செய்யும், வெளியே ஊற்றிய கரைசலில் சில நாட்களில் அமிலம் மீண்டும் தலைதூக்கும்.

ஏற்கெனவே படிந்துவிட்ட நிறமியை அகற்றலாம். மெழுகு நீக்கிய ஸ்லைடை, தூய ஆல்கஹாலில் தெவிட்டும் அளவுக்குப் பிக்ரிக் அமிலம் கரைத்த கரைசலில் அரை மணி நேரம் போல வைத்துவிட்டு, மஞ்சள் போகும்வரை ஓடும் நீரில் கழுவி, பிறகு சாயமேற்றுங்கள். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது. பாட்டிலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு ஸ்லைடில் இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்டுப் பாருங்கள். சிதைந்த இரத்தத்திலிருந்து உடலே உருவாக்கும், இரும்பு கொண்ட ஹீமோசிடரின் நிறமி நீலமாகும், ஃபார்மலின் நிறமி ஆகாது. ஹீமோசிடரின் குப்ஃபர் செல்களுக்குள் (கல்லீரலின் விழுங்கு செல்கள்) உட்கார்ந்திருக்கும். ஃபார்மலின் நிறமியோ செல் எல்லைகளைப் பற்றிக் கவலைப்படாமல் இரத்தம் இருந்த இடமெல்லாம் சிதறிக் கிடக்கும்.

பதில் 2: பழைய நுண்ணோக்கி

மெழுகுக்கட்டி அவர்கள் நிலைப்படுத்துதலைப் பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஃபார்மலினின் இந்த ஆற்றலை 1893இல் ஃபெர்டினாண்ட் புளும் கண்டதே, கிருமிநாசினியாக அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல் நுனிகள் கெட்டிப்பட்டதைக் கவனித்ததால்தான். கையுறை அணியாமல் ஃபார்மலினில் கைவிடும் மாணவர்களிடம் நான் உடற்கூற்றியல் கற்பித்த காலத்தில் சொல்லிவந்த கதை இது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பின்னர் வகைப்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நான் எழுத விரும்புவது வெள்ளைக் குழிகளைப் பற்றி. ஹீமடாக்சிலின், ஈயோசின் ஸ்லைடில் வெள்ளை என்பது ஒரு பொருளின் நிறமல்ல; அங்கே இருந்த ஏதோ ஒன்று கரைந்து வெளியேறிய இடம். கல்லீரல் செல்லில் அப்படி வெளியேறக் கூடியவை கொழுப்பு, கிளைக்கோஜன் (சேமித்து வைத்த சர்க்கரை), நீர் ஆகிய மூன்று. கொழுப்பை ஆல்கஹாலும் சைலீனும் கரைத்து எடுத்துச் சென்றுவிடுகின்றன. அது துளியாக இருந்ததால், விட்டுச் சென்ற குழி வட்டமாக, கவராயம் கொண்டு வரைந்தாற்போன்ற கூர்மையான விளிம்போடு இருக்கும். துளி பெரிதானால் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். கிளைக்கோஜன் இருந்த இடத்துக்கு அப்படித் தெளிவான விளிம்பு கிடையாது. சைட்டோபிளாசம் கிழிந்த பஞ்சுபோல ஒழுங்கின்றி வெளிறியிருக்கும். உட்கரு பெரும்பாலும் நடுவிலேயே இருக்கும். செல் நீர் கோத்து வீங்கியிருந்தால் முழுச் செல்லும் பெரிதாகி, மங்கலாகத் தெரியும்.

இப்போது உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வருகிறேன். எலி இரவில் உண்ணும் விலங்கு. இரவெல்லாம் தின்றுவிட்டு விடியும்போது அதன் கல்லீரலில் கிளைக்கோஜன் நிறைந்திருக்கும். பகலில் உறங்கியபடியே அதைச் செலவழித்து, மாலையில் குறைந்த அளவுக்கு வந்துவிடும். நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவைக் காலையில் முடித்தீர்கள், உணவையும் நிறுத்தவில்லை. மருந்து பெற்ற குழுக்கள் பிற்பகலுக்குத் தள்ளப்பட்டன. ஆகவே நலமான எலிகளில் தெரியும் வெளிறிய குழிகளில் பெரும்பகுதி, உண்ட உணவின் சேமிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அது நோயுமல்ல, செய்முறைக் கோளாறுமல்ல. ஆனால் குழுக்களை ஒப்பிடும்போது பெரிய குழப்பத்தைத் தரும். நாளை யாராவது "மூலிகைச் சாறு வெற்றிடக் குழிகளைக் குறைத்தது" என்று உங்கள் முடிவை வாசித்தால், குறைத்தது சாறா, கடிகாரமா என்ற கேள்விக்கு விடை இருக்காது. அடுத்த முறை ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒவ்வோர் எலியாக மாற்றி மாற்றி எடுங்கள். எல்லா எலிகளுக்கும் உணவு நிறுத்தும் நேரத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ஊகத்தை உறுதிப்படுத்த உங்களிடம் இருக்கும் பிளாக்கே போதும். ஒரே பிளாக்கிலிருந்து அடுத்தடுத்த இரண்டு சீவல்களை எடுத்து, ஒன்றைக் கிளைக்கோஜனைச் செரிக்கும் டயஸ்டேஸ் நொதியில் ஊறவைத்து, மற்றதை அப்படியே விட்டு, இரண்டிலும் பீரியாடிக் அமில–ஷிஃப் சாயம் ஏற்றுங்கள். நேரடியாகச் சாயமேற்றியதில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது, நொதியில் ஊறியதில் மறைந்துபோனால் அது கிளைக்கோஜன். டயஸ்டேஸ் வாங்கப் பணமில்லாத நாட்களில் எங்கள் துறையில் உமிழ்நீரையே பயன்படுத்தினோம். அதில் அமைலேஸ் இருக்கிறது, வேலை நன்றாகவே நடந்தது. ஃபார்மலின் கிளைக்கோஜனை நேரடியாகப் பிடித்து வைப்பதில்லை, சுற்றியுள்ள புரத வலையில் சிக்கவைக்கிறது. அதனால் கரைசல் நுழைந்த திசையிலேயே கிளைக்கோஜன் செல்லின் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடப்பதையும் காண்பீர்கள். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

கொழுப்பை உறுதிப்படுத்த மெழுகு பிளாக் உதவாது. அதில் கொழுப்பு மிச்சமில்லை.

பதில் 3: விரிகுடா

எங்கள் துறையில் எல்லா உறுப்புகளுக்கும் பூவான் கரைசலைத்தான் (பிக்ரிக் அமிலம், ஃபார்மலின், அசெட்டிக் அமிலம் கலந்தது) பயன்படுத்துகிறோம். வேகமாக ஊடுருவுகிறது, உட்கரு மிகத் தெளிவாக வருகிறது. ஃபார்மலினோடு இவ்வளவு போராடுவதற்குப் பதில், ஆய்வுமேசை அவர்கள் அடுத்த முறை அதற்கு மாறிவிடலாமே?

பதில் 4: மெழுகுக்கட்டி

விரிகுடா அவர்களுக்கு: விந்தகத்துக்குப் பூவானைப் பரிந்துரைப்பதை நான் மறுக்கவே மாட்டேன், விந்தணு உருவாகும் படிநிலைகளைப் படிக்க வேண்டுமானால் சாதாரண ஃபார்மலின் அதற்கு ஈடாகாது. ஆனால் எல்லா உறுப்புகளுக்கும் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. அதிலுள்ள அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். இரும்புப் படிவையும் கரைத்துவிடும். இரத்தத் தேக்கத்தையும் ஹீமோசிடரினையும் பார்க்க வேண்டிய கல்லீரல் ஆய்வில் இவை சிறிய இழப்புகள் அல்ல. சிறுநீரகத்துக்கும் அது ஏற்றதல்ல. அதிக நேரம் ஊறினால் திசு உடையக்கூடியதாகிவிடும். பிக்ரிக் அமிலத்தின் மஞ்சளை 70 சதவீத ஆல்கஹாலில் பலமுறை கழுவி எடுக்கவும் வேண்டும். பின்னாளில் அதே பிளாக்கிலிருந்து டி.என்.ஏ. எடுக்க நினைத்தால் அந்த வாய்ப்பும் ஏறக்குறைய போய்விடும்.

இனி விரிசல்களைப் பற்றி. இதில் ஆய்வுமேசை அவர்கள் ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். விரிசல்கள் கத்தியின் விளிம்புக்கு இணையாக ஓடுகின்றனவா, அதற்குச் செங்குத்தாக ஓடுகின்றனவா? ரிப்பன் (தொடராக வரும் சீவல்கள்) கத்தியிலிருந்து வந்த திசையை நினைவில் கொண்டால் தெரிந்துவிடும். செங்குத்தான கோடு எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் கத்தியின் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது, அல்லது திசுவில் ஏதோ கடினமான துகள் இருக்கிறது. கத்தியை நகர்த்தி வேறு பகுதியில் வெட்டினால் போதும். விளிம்புக்கு இணையாக, நெருக்கமாக, சன்னல் திரையின் பட்டைகள்போல வந்தால் அது அதிர்வு. திருகுகள் தளர்ந்திருக்கலாம், கத்தியின் சாய்வு மிகுந்திருக்கலாம். இவற்றைச் சரிபார்த்த பிறகும் வந்தால் திசு அளவுக்கு மீறி உலர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எலித் திசுவில் இந்தக் கடைசிக் காரணம்தான் அடிக்கடி அகப்படுகிறது. பல ஆய்வகங்களில் தானியங்கிக் கருவியின் கால அட்டவணை மருத்துவமனைத் திசுக்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. எலியின் சிறிய, கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைந்த துண்டை அதே இரவு முழு அட்டவணையில் ஓட்டினால், செல்லோடு பிணைந்திருக்கும் நீரையும் ஆல்கஹால் இழுத்துக்கொண்டுவிடும். பிறகு சைலீனும் சூடான மெழுகும் மிச்ச வேலையை முடிக்கும். 3 மில்லிமீட்டர் எலிக் கல்லீரலுக்கு 70, 80, 95 சதவீத ஆல்கஹால்களில் முக்கால் மணி நேரம் வீதம், தூய ஆல்கஹாலில் இரு முறை, சைலீனில் இரு முறை, மெழுகில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொன்றிலும் அதே அளவு நேரம் என்று நான் ஓட்டுகிறேன். மெழுகின் உருகுநிலை 56 முதல் 58 டிகிரி என்றால் அடுப்பை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோவதில்லை. இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் துண்டின் தடிமனுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

இருக்கும் பிளாக்குகளைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. முதலில் பிளாக்கின் முகத்தைச் சீவித் திசுவை முழுதாக வெளிப்படுத்துங்கள். பிறகு உருகிக்கொண்டிருக்கும் ஈரமான பனிக்கட்டியின்மேல் முகம் படும்படி சில நிமிடங்கள் கவிழ்த்து வையுங்கள். குளிர் மெழுகை இறுக்குகிறது, ஈரம் திசுவின் மேற்பரப்பில் சற்றே ஊறி அதை மென்மையாக்குகிறது. திசு மெழுகிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி மேலே உப்பிவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். முதல் சில சீவல்களை விட்டுவிட்டு, சக்கரத்தை மெதுவாக, ஒரே சீராகச் சுற்றி, 4 மைக்ரானில் எடுத்துப் பாருங்கள்.

நீர்த்தொட்டியையும் மறக்க வேண்டாம். அது மெழுகின் உருகுநிலைக்கு ஏறத்தாழ 10 டிகிரி கீழே, அதாவது 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடு கூடினால் அல்லது ரிப்பன் அதிக நேரம் மிதந்தால், சீவல் விரிந்துகொண்டே போய்ச் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நிற்கும். கல்லீரலில் இது சைனுசாய்டுகள் (செல்களுக்கிடையிலான நுண்ணிய இரத்தக் குழாய்கள்) விரிந்துவிட்டதுபோலவே தோன்றும். சுருக்கம் நீங்கியதும் எடுத்துவிடுங்கள்.

பதில் 5: ஆய்வுமேசை

அனைவருக்கும் நன்றி. விரிசல்கள் கத்தி விளிம்புக்கு இணையாகத்தான் ஓடுகின்றன. பெர்ல்ஸ் சாயத்தில் பழுப்புப் புள்ளிகள் நீலமாகவில்லை. காலை, பிற்பகல் பற்றிப் பழைய நுண்ணோக்கி ஐயா சொன்னது என் நெறியாளரையும் யோசிக்க வைத்துவிட்டது.

மேலும் இரண்டு ஐயங்கள். முதலாவது, எங்கள் ஸ்லைடுகளில் உட்கரு ஓரப்பகுதியில்கூட நீலமாக இல்லாமல் செவ்வூதாவாக இருக்கிறது. ஹீமடாக்சிலினில் நேரத்தைக் கூட்டினால் சரியாகுமா? இரண்டாவது, பாட்டிலில் பல வாரங்களாக ஃபார்மலினில் இருக்கும் திசுவில் இன்னும் கொழுப்பு எஞ்சியிருக்குமா? அருகிலுள்ள ஒரு நிறுவனத்தில் கிரையோஸ்டாட்டை (உறைந்த திசுவைச் சீவும் கருவி) பயன்படுத்த அனுமதி கிடைக்கும்போல் இருக்கிறது.

பதில் 6: பழைய நுண்ணோக்கி

நேரத்தைக் கூட்டினால் சிவப்பு ஆழமாகுமே தவிர நீலமாகாது. ஹீமடாக்சிலின் என்பது மெக்சிகோப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அது ஆக்சிஜனேற்றம் பெற்று ஹீமாட்டீனாகி, படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு சேர்ந்த பிறகே உட்கருவைப் பற்றிக்கொள்ளும். அமிலச் சூழலில் அந்தக் கூட்டு செந்நிறமாகவும், காரச் சூழலில் நீலமாகவும் இருக்கும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது சாயத்தை அல்ல, அதற்குப் பின் கழுவும் நீரை. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் பைகார்பனேட் மிகுந்த கடின நீர் என்பதால், ஓடும் குழாயடியில் சில நிமிடங்கள் வைத்தாலே உட்கரு நீலமாகிவிடும். அண்மைக் காலத்தில் ஆய்வகங்களில் எல்லாக் குழாய்களிலும் சுத்திகரிப்பு நீரை இணைத்துவிட்டு, நீலம் வரவில்லை என்று சாயத்தைக் குறைசொல்வதைப் பார்க்கிறேன். அப்படி இருந்தால் ஒரு லிட்டர் நீரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராமும் மெக்னீசியம் சல்பேட் 20 கிராமும் கரைத்து, அதில் ஒரு நிமிடம் போல வைத்து எடுங்கள். ஹாரிஸ் வகை ஹீமடாக்சிலின் என்றால் அதற்கு முன், 70 சதவீத ஆல்கஹாலில் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கரைசலில் ஓரிரு முறை முக்கி எடுத்து, சைட்டோபிளாசத்தில் ஒட்டிய மிகைச் சாயத்தை அகற்ற வேண்டும். அதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கடிகாரத்தை நம்பிச் செய்யும் வேலையல்ல அது.

ஈயோசின் சரியாக அமைந்திருக்கிறதா என்பதைச் சிவப்பணு, சைட்டோபிளாசம், கொலாஜன் ஆகிய மூன்றும் வெவ்வேறு சாயல் சிவப்பாகத் தெரிகின்றனவா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாக இருந்தால் கடைசி ஆல்கஹால் படிகளில் நேரம் போதவில்லை.

ஸ்லைடுகளை வாசிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் டெட்ராகுளோரைடு தானாகவே நஞ்சாவதில்லை. கல்லீரல் செல்லின் சைட்டோகுரோம் 2ஈ1 நொதி அதைப் பிளந்து டிரைகுளோரோமெத்தில் என்ற, தீவிரமாக வினைபுரியும் தனி உறுப்பை (மூலக்கூறுத் துணுக்கை) உண்டாக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. அந்த நொதி, கல்லீரலின் சிறு அலகான நுண்மடலின் நடுவிலுள்ள மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்களில் மிகுதி. எனவே உண்மையான செல் இறப்பும் கொழுப்பேற்றமும் மையச் சிரையை வளைத்து நிற்க வேண்டும். நுண்மடலின் ஓரத்தில், இரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் சேர்ந்திருக்கும் போர்ட்டல் பகுதியை ஒட்டிய செல்கள் ஒப்பீட்டளவில் தப்பியிருக்க வேண்டும். நீங்கள் காணும் கலக்கம் நுண்மடலின் அமைப்பைப் பின்பற்றாமல் துண்டின் வடிவத்தைப் பின்பற்றினால், அதாவது ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகப்போகக் கூடினால், அது நிலைப்படுத்துதலின் குறை. பன்றியின் கல்லீரலில் நுண்மடல்களுக்கு இணைப்புத் திசுச் சுவர் இருப்பதால் எல்லை கண்ணிலேயே தெரியும். எலியில் அப்படி இல்லை. சிரையையும் போர்ட்டல் மூவகைக் குழாய்களையும் அடையாளம் கண்டு மனத்தில் எல்லை போட்டுக்கொள்ளப் பழக வேண்டும். மதிப்பெண் இடும்போது குழுவின் பெயரை மறைத்து, எண் மட்டும் ஒட்டிய ஸ்லைடுகளை வேறொருவரிடமிருந்து வாங்கிப் பாருங்கள்.

கிரையோஸ்டாட் பற்றி மெழுகுக்கட்டி அவர்கள் சொல்வதுதான் முறை.

பதில் 7: மெழுகுக்கட்டி

கொழுப்பு இருக்கும். ஃபார்மலின் நடுநிலைக் கொழுப்பைக் கரைப்பதில்லை. கரைப்பவை ஆல்கஹாலும் சைலீனும்தான். பாட்டிலில் இருக்கும் மடலின் ஓரத்தை ஒட்டி, நன்றாக நிலைப்பட்ட பகுதியிலிருந்து மெல்லிய துண்டை எடுத்து, நீரில் கழுவி, 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். முதலில் மிதக்கும் திசு அடியில் இறங்கி உட்கார்ந்தால் கரைசல் உள்ளே போய்விட்டது என்று அறியலாம். இந்தப் படியைத் தவிர்த்தால் உறையும்போது பனிப்படிகங்கள் உருவாகித் திசுவெங்கும் துளைகள் விழும். வெள்ளைக் குழிகளுக்கு விளக்கம் தேடுபவருக்கு இன்னொரு வகைக் குழி தேவையில்லை.

அதன்பின் உறைபனி ஊடகத்தில் பதித்து, மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். நிலைப்படுத்திய திசு சாதாரணக் கண்ணாடியில் ஒட்டாமல் கழன்றுவிடும். ஜெலட்டின் அல்லது பாலிலைசின் பூசிய ஸ்லைடுகளில் எடுத்து நன்றாகக் காயவிடுங்கள். ஐசோபுரொப்பனாலில் கரைத்து வைத்த, கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயத்தை மூன்று பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, பத்து நிமிடம் விட்டு வடிகட்டி, அன்றே பயன்படுத்த வேண்டும். 60 சதவீத ஐசோபுரொப்பனாலில் நனைத்து, சாயத்தில் 15 நிமிடம் வைத்து, மறுபடியும் அதே ஐசோபுரொப்பனாலில் ஒருமுறை அலசுங்கள். உட்கருவுக்கு ஹீமடாக்சிலினை இலேசாகக் கொடுத்தால் போதும்.

மூடும்போது கை பழக்கத்தில் டிபிஎக்ஸ் (கவர் ஸ்லிப்பை ஒட்டும் பசை) பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள சைலீன் நீங்கள் சாயமேற்றிய கொழுப்பையே கரைத்துவிடும். கிளிசரின் ஜெல்லியில்தான் கவர் ஸ்லிப்பைப் பொருத்த வேண்டும். குமிழி விழுந்தால் அழுத்தாமல், வெதுவெதுப்பான நீரில் வைத்துக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். இந்த ஸ்லைடுகள் மெழுகு ஸ்லைடுகளைப்போல ஆண்டுக்கணக்கில் நிற்பதில்லை. சாயம் துளியிலிருந்து கசிந்து படிகமாகத் தொடங்கும். ஆய்வேட்டுக்கான படங்களை அந்த வாரத்துக்குள்ளேயே எடுத்துவிடுங்கள்.